தளத்தின் வாட்டம்

"நான் ஒண்ணுமே பண்ணலை, மேடம்."

தங்கப்பாண்டி இதைச் சொல்லிக்கொண்டே உள்ளே வந்தபோது, ரோசலின் பெஞ்சின் மேல் ஏறி நின்று ஈரத்துணியால் மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வந்தவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். தூசி தலையில விழும்."

அவர் தள்ளவில்லை. விழுந்தது.

"நான் ஒண்ணுமே பண்ணலைன்னு சொல்றேன்."

"கேட்டுச்சு சார்."

திண்டுக்கல்லில் ஒரு பூட்டுக் கடைக்கு மேலே இருக்கிறது அந்த வகுப்பு. பூட்டுக் கடை என்றதும் கதை எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். இதில் ஒரு பூட்டும் உடையவில்லை. வயிற்றெரிச்சலே அதுதான்.

ரோசலின் அங்கே க்ளவுட் சொல்லிக்கொடுப்பவர். பேர்தான் பெரிசு. எங்கோ ஒரு ஊரில் எவனோ வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் நமக்கென்று ஒரு ஓரத்தை வாடகைக்குப் பிடிப்பது, அவ்வளவுதான். பிடித்த இடத்தைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு காம்பவுண்டு போட வேண்டும். உள்ளே அறை அறையாகப் பிரித்து, எந்த அறைக்கு எந்த வழி என்று எழுத வேண்டும். அதற்குத்தான் ப்ரைவேட் நெட்வொர்க் என்று பேர்.

தங்கப்பாண்டி அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். போன வருஷம் இதே வகுப்பில் சேர்ந்தார். முதல் பாடம் காம்பவுண்டு. அது ஒரே நாளில் முடிந்தது. அடுத்த பாடம் வழி. அதை ரோசலின் விடவே இல்லை. எதைச் சொன்னால் எங்கே போகும், எதையும் சொல்லாவிட்டால் எங்கே போகும் என்று போட்டு அரைத்தார்.

மனுஷன் பொறுத்துப் பார்த்தார். "அடிப்படையெல்லாம் தெரியும் மேடம், வேலைக்கு ஆகுற மாதிரி ஏதாவது சொல்லுங்க" என்றார்.

"அடிப்படைக்கு அப்புறம்தான் சார் அதெல்லாம்" என்றார் ரோசலின்.

மறுநாள் முதல் அவர் வரவில்லை. மிச்சத்தை யூடியூபில் பார்த்துக்கொண்டார். இப்போதுதான் திரும்பி வந்து நிற்கிறார், தலையில் தூசியோடு.

"என்ன ஆச்சு சார்?"

"பூமயில்னு ஒரு பொண்ணு மேடம். கொடைரோடு பக்கத்துல ஒரு வீட்டுல வச்சிருந்தோம்."

தங்கப்பாண்டிக்கு வேலை ஒரு பெண்கள் காப்பகத்தில். அடி தாங்காமல் வீட்டைவிட்டு ஓடிவந்த பெண்களைக் காப்பாற்றி வைக்கிற இடம். ஒரே கட்டிடம் கிடையாது. அங்கங்கே வாடகைக்கு எடுத்த சாதாரண வீடுகள். எந்த வீட்டில் எந்தப் பெண் இருக்கிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. அந்த விவரத்தைத்தான் தங்கப்பாண்டி பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து க்ளவுடில் வைத்தார்.

"போன வாரம் அவ புருஷன் அந்த வீட்டுக்கே வந்துட்டான்."

மின்விசிறியில் துணி நின்றது.

"பட்டப்பகல்ல. துணி காயப்போட்டுக்கிட்டு இருந்திருக்கா. மத்தவங்க உள்ள இருந்தாங்க."

"இருக்காளா?"

"இல்ல."

ரோசலின் பெஞ்சிலிருந்து இறங்கினார். துணியை வாளியில் போட்டார். தண்ணீர் கறுத்துப்போயிருந்தது.

"உனக்கு எப்படிடா அந்த வீடு தெரிஞ்சதுன்னு போலீஸ் கேட்டுச்சு. போன்ல வந்துச்சுன்னான். அதுக்கு மேல வாயைத் திறக்கலை."

"போன்ல வந்துச்சு."

"ஆமா. யாரோ போன் போட்டுச் சொல்லியிருக்காங்க. யாருன்னும் தெரிஞ்சுபோச்சு. அதே வீட்டுல கலாவதின்னு ஒருத்தி. அவன் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரி. சமையல்காரம்மா போனை எடுத்துத் திருட்டுத்தனமாப் பேசியிருக்கா. கேட்டா, பிள்ளை குரலைக் கேக்கணும்போல இருந்துச்சுங்கிறா. பிள்ளை புருஷன் வீட்டுல இருக்கு."

"பேசினதுனால அவதானா?"

"அன்னையிலயிருந்து முகத்தைப் பாக்கணுமே. அப்படி ஒரு வாட்டம். யாரையும் நிமிர்ந்து பாக்குறதில்ல. தப்புப் பண்ணாதவளுக்கு எதுக்கு மேடம் முகவாட்டம்?"

"கூட இருந்தவ செத்துப்போயிருக்கா சார்."

அப்படி ஒரு காரணம் இருக்கலாம் என்று தங்கப்பாண்டிக்கு அதுவரை தோன்றவே இல்லை.

காப்பகத்தை நடத்துகிறவர் மரகதம் அம்மா. கலாவதியை வெளியே அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. ஆனால் மற்றப் பெண்கள் பயந்துபோய்க் கிடந்தார்கள். அவளோடு ஒரு கூரைக்குக் கீழே தூங்க மாட்டோம் என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்குக் காலையில் மரகதம் அம்மா தங்கப்பாண்டியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"தம்பி, உங்க பக்கம் ஏதாவது ஓட்டை இருக்குமா? இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா இவ தப்பிச்சிருவா. இல்லேன்னா மத்தியானத்துக்குள்ள இவளை அனுப்பித்தான் ஆகணும்."

கலாவதிக்கு வெளியே என்றால் போக்கிடம் ஒன்றே ஒன்றுதான், புருஷன் வீடு. அங்கிருந்து தப்பி வந்தபோது அவளால் இடது கையைத் தூக்க முடியவில்லை. இனி ஒரு தடவை போனால் திரும்பி வரமாட்டாள் என்பது காப்பகத்தில் எல்லோருக்கும் தெரியும். தங்கப்பாண்டிக்கும் தெரியும்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றார் ரோசலின்.

"பாத்துட்டுச் சொல்றேன்ம்மான்னேன்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன். எல்லாம் வச்சது வச்சபடி இருக்கு. நான் எதையும் திறந்து விடலை. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும் மேடம். இவர் போட்டிருக்கிற நெட்வொர்க் ப்ரைவேட்தான்னு. எனக்கு நிம்மதி."

"கலாவதிக்கு?"

"நான் பண்ணாததுக்கு நான் என்ன மேடம் பண்றது?"

ரோசலின் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"போனை சைலன்ட்ல போடுங்க சார். வகுப்புன்னா வகுப்புதான்."

தங்கப்பாண்டி போட்டார்.

"இப்பச் சொல்லுங்க. அந்த விவரம் இருக்கிற பகுதி ப்ரைவேட்டுன்னு எப்படித் தெரியும்?"

"என்ன மேடம் கேள்வி. பேரே அதானே. 'ப்ரைவேட்'னு என் கையால டைப் அடிச்சு வச்சிருக்கேன்."

ரோசலின் ஒரு தாளை எடுத்தார். பெரிய எழுத்தில் 'ப்ரைவேட்' என்று எழுதி, வகுப்பறைக் கதவில் ஒட்டினார். கதவு விரியத் திறந்தே கிடந்தது. வந்து உட்கார்ந்து, தங்கப்பாண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மேடம்?"

"இருங்க."

இருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் கீழே பூட்டுக் கடை வைத்திருக்கும் காதர் பாய் படியேறி வந்தார். வாசலில் நின்று தாளைப் படித்தார். படித்துவிட்டு நேரே உள்ளே வந்தார்.

"டீச்சர், மோட்டார் போட்டுக்கவா? டேங்க் காலி."

"போடுங்க பாய்."

அவர் ஸ்விட்சைத் தட்டினார். போகிறபோது தாளை ஒரு தடவை பார்த்தார்.

"எழுத்து நல்லா இருக்கு டீச்சர்" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

தங்கப்பாண்டிக்குச் சுரீரென்று கோபம் வந்தது.

"விளையாட்டா மேடம் இது? அங்க ஒரு பொண்ணு செத்துக் கிடக்கா, இன்னொருத்தி நடுத்தெருவுல நிக்கப்போறா. நீங்க தாளை ஒட்டிக்கிட்டு இருக்கீங்க."

"நானும் அதையேதான் கேக்கலாம்னு இருந்தேன் சார்."

ரோசலின் சாக்பீஸை நீட்டினார்.

"வரையுங்க."

தங்கப்பாண்டி கரும்பலகையில் ஒரு பெரிய கட்டம் வரைந்தார். அது காம்பவுண்டு. உள்ளே இரண்டு சின்னக் கட்டங்கள். முதல் கட்டத்தில் காப்பகத்துக்கு உதவி செய்கிறவர்கள் பார்க்கும் வெப்சைட். ஊரே பார்க்கிற பக்கம் அது. அதிலிருந்து, இன்டர்நெட்டுக்குப் போகிற வெளி வாசலுக்கு ஒரு அம்பு போட்டார். இரண்டாவது கட்டத்தில் பெண்களின் விவரம். காப்பக ஆபீசுக்கும் அதற்கும் நடுவில் மட்டும் தனியாக ஒரு இணைப்பு என்று சொல்லி, ஒரு சின்னக் கோடு இழுத்தார். அதற்குமேல் அதில் எதுவும் வரையவில்லை.

"முதல் கட்டத்துக்கு வழிப்பலகை?"

எந்த அறையிலிருந்து கிளம்பினால் எங்கே போகலாம் என்று எழுதி வைப்பதை வழிப்பலகை என்பார் ரோசலின். பாதி வகுப்பு அந்தச் சொல்லைக் கேட்டாலே கொட்டாவி விடும்.

"வெளி வாசலுக்குன்னு இருக்கு."

"ரெண்டாவதுக்கு?"

"ஒண்ணும் போடலை. வேணும்னேதான் போடலை. வழியே இல்லேன்னா எவனும் வர முடியாதுல்ல?"

"ஒண்ணும் போடலை."

"ஆமா. ஒண்ணும் போடலை."

ரோசலின் வாளியைக் காட்டினார்.

"அதைத் தூக்கிக்கிட்டு மாடிக்கு வாங்க. உங்க லேப்டாப்பையும் எடுத்துக்கோங்க."

"எதுக்கு மேடம்?"

"அழுக்குத் தண்ணி. கொட்டணும்ல."

மொட்டை மாடியில் வெயில் கொளுத்தியது. தளத்தில் கால் வைக்க முடியவில்லை. தங்கப்பாண்டி செருப்பைக் கீழே விட்டுவிட்டு வந்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார். ஒரு மூலையில் தண்ணீர் டேங்க். எதிர்மூலையில், கைப்பிடிச் சுவர் ஓரமாக, மழைத் தண்ணீர் இறங்குகிற குழாயின் ஓட்டை.

"எங்க கொட்ட?"

"ஓட்டைக்கிட்ட வேண்டாம். இங்கேயே, டேங்குப் பக்கத்துல."

கொட்டினார். தண்ணீர் ஒரு நொடி பரந்து நின்றது. பிறகு மெதுவாக ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒரு நாக்கு நீண்டது. அந்தப் பெரிய தளத்தை நிதானமாகக் கடந்து, வேறு எங்கும் போகாமல், நேராக எதிர்மூலை ஓட்டைக்கே போய் இறங்கியது.

"அங்க போகச் சொன்னது யாரு சார்?" என்று ரோசலின் கேட்டார்.

"யாரும் சொல்லலை."

"வாய்க்கால் ஏதாவது வெட்டியிருக்கா?"

"வெட்டலை மேடம். அது தளத்தோட வாட்டம். தளம் போடும்போதே கொத்தனார் வாட்டம் குடுத்திருப்பார். நீங்க எங்க ஊத்தினாலும் அங்கதான்..."

அதோடு அவர் பேச்சு நின்றுபோனது.

ரோசலின் டேங்க் நிழலில் உட்கார்ந்துகொண்டார். அவசரப்படுத்தவில்லை.

"மெயின் பலகை" என்றார் தங்கப்பாண்டி. குரல் இறங்கிவிட்டது.

காம்பவுண்டு போட்ட அன்றைக்கே அதற்கு ஒரு பொது வழிப்பலகை தானாக வந்துவிடும். அதற்குப் பேர்தான் மெயின். எந்த அறைக்கு நீங்கள் தனியாகப் பலகை மாட்டவில்லையோ, அந்த அறைக்கு அந்த மெயின் பலகைதான். இது இரண்டாவது பாடம். ரோசலின் அரைத்த பாடம்.

"மெயின்ல என்ன எழுதினீங்க சார்?"

"ஆரம்பத்துல வெப்சைட் திறக்கலை மேடம். மரகதம் அம்மா நூறு தடவை கேட்டுட்டாங்க. ஒரு வீடியோவுல பாத்து, ஒரு வரி போட்டேன். உலகத்துல எங்க போறதா இருந்தாலும் வெளி வாசல் வழியாப் போன்னு. உடனே திறந்துக்கிச்சு. சந்தோஷமா விட்டுட்டேன்."

"அந்த வரியை எந்தப் பலகைல போட்டீங்க?"

"வெப்சைட்டுக்காகத்தான் போட்டேன்."

"எதுக்காகன்னு கேக்கலை. எந்தப் பலகைல?"

தங்கப்பாண்டி ஈரத் தடத்தைப் பார்த்தார்.

"இருந்தது ஒரே பலகைதான்."

"அதுக்கப்புறம்தான் ப்ரைவேட் பகுதியா?"

"அது மூணு நாலு மாசம் கழிச்சு."

"அதுக்குப் பலகை?"

"ஒண்ணும் போடலை."

இந்தத் தடவை அந்த வார்த்தை அவர் வாயிலேயே அவருக்குக் கசந்தது. இருந்தாலும் மனுஷன் லேசில் விடுவாரா? இன்னொரு சாக்கைப் பிடித்துப் பார்த்தார்.

"வழி இருந்துட்டாப் போதுமா மேடம்? காவல் இருக்கே. யாரை உள்ள விடலாம்னு காவலுக்குச் சொல்லி வச்சிருக்கேனே."

"யாரை விடச் சொன்னீங்க?"

"காவல் இன்டர்நெட் நம்பரைப் பாத்துத்தான் உள்ள விடும். வீட்டுலயிருந்து வேலை பாக்கும்போது என் நம்பர் மாறிக்கிட்டே இருந்துச்சு. தினம் மாத்த முடியலை. அதனால..."

"அதனால?"

"எல்லாரையும் விடுன்னு போட்டேன். எப்படியும் ப்ரைவேட்தானேன்னு."

"வெளியிலயிருந்து கூப்பிடுறதுக்குன்னு வெளி முகவரி?"

"வேணுமான்னு ஸ்க்ரீன்ல கேட்டுச்சு. முன்னாடியே டிக் போட்டிருந்துச்சு. அப்படியே விட்டேன்."

"பாஸ்வேர்டு?"

"உள்ள இருக்கிற ஆபீஸ்காரங்களுக்கு எதுக்கு மேடம் பாஸ்வேர்டு? அவங்களுக்கு அது ஞாபகமே இருக்க மாட்டேங்குது."

ரோசலின் தன் போனை எடுத்தார்.

"என் போனுக்கும் உங்க ஆபீசுக்கும் ஏதாவது இணைப்பு இருக்கா சார்?"

"இல்ல."

"நான் உங்க ஆபீஸ்காரியா?"

"இல்ல மேடம்."

"அந்தப் பொண்ணு ஊரு என்ன?"

"எந்தப் பொண்ணு?"

"பூமயில்."

தங்கப்பாண்டிக்கு ஊரைச் சொல்ல மனமில்லை. ஏன் என்று அவருக்கே தெரிந்திருந்தது. கடைசியில் சொன்னார். ரோசலின் தேடுகிற இடத்தில் அவள் பேரையும் ஊரையும் மட்டும் அடித்தார். வேறு எதுவும் அடிக்கவில்லை. போனை அவர் கையில் கொடுத்தார்.

முதலில் ஏதோ கல்யாண மண்டபம் வந்தது. அதற்குக் கீழே, தங்கப்பாண்டியே உருவாக்கிய பக்கம். அவரே தேர்ந்தெடுத்த பச்சைத் தலைப்பு. தொட்டார், திறந்தது.

பூமயிலின் பேர் இன்னும் இருந்தது. கொடைரோட்டு வீடு இருந்தது. எந்தத் தெரு, எந்தக் கோயிலுக்கு எதிரே, வாசலில் என்ன மரம் என்று எல்லாம் இருந்தது. புதிதாக வருகிற வார்டன்கள் தடுமாறக் கூடாது என்று அவர்தான் அக்கறையாக அதையெல்லாம் சேர்த்திருந்தார். அடுத்த வரியில் கலாவதி. அதற்குக் கீழே இன்னும் பெண்கள், இன்னும் வீடுகள்.

"நான் யாருக்கும் அந்தப் பக்கத்தோட முகவரியைக் குடுக்கலையே மேடம்."

"குடுக்க வேண்டாம் சார். நெட்டுல தெருத் தெருவாப் போய்க் கதவைத் தட்டிப் பாக்குறதுக்குன்னே மெஷின் இருக்கு. திறந்தா, உள்ள இருக்கிறதைப் படிச்சு அடுக்கி வச்சுக்கும். அப்புறம் யாரு பேரைக் கேட்டாலும் எடுத்துக் குடுக்கும்."

தங்கப்பாண்டி கையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன்ல வந்துச்சுன்னானே" என்றார்.

ரோசலின் தலையை ஆட்டினார்.

"யாரும் பேசலை. போன்ல... இப்படி வந்திருக்கு."

தங்கப்பாண்டி அப்படியே சுடுகிற தளத்தில் உட்கார்ந்துவிட்டார். சூடு உறைக்கவில்லை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருத்தியை அவர் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அந்த வாசலில் இருப்பது முருங்கை மரம் என்று அவருக்குத் தெரியும். அவர்தான் டைப் அடித்தார்.

"நான் கொன்னுட்டேன் மேடம்."

ரோசலின் லேப்டாப்பை அவர் பக்கம் நகர்த்தினார்.

"முதல்ல மூடுங்க."

மூடினார். புதிதாக ஒரு வழிப்பலகை போட்டார். அதில் ஆபீசுக்குப் போகிற அந்தத் தனி இணைப்பை மட்டும் எழுதினார். பெண்களின் விவரம் இருக்கிற பகுதியில் அந்தப் பலகையை மாட்டினார். காவலுக்கு, ஆபீஸைத் தவிர யாரையும் விடாதே என்றார். வெளி முகவரியை எடுத்தார். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

ரோசலின் போனில் அந்தப் பக்கத்தை மறுபடி தொட்டார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசிவரை திறக்கவில்லை.

"இப்ப ப்ரைவேட்" என்றார் தங்கப்பாண்டி. அழுகிறவர் குரல் மாதிரி இருந்தது.

"அந்த மெஷின் ஏற்கெனவே படிச்சு வச்சது?"

"அது இருக்கும். அழிக்கச் சொல்லி எழுதணும். உடனே போகாது."

"அப்போ?"

"எல்லா வீட்டையும் மாத்தணும் மேடம். எல்லாப் பொண்ணுங்களையும். இன்னைக்கே." அவர் நெற்றியைத் துடைத்தார். "அதை நான் மரகதம் அம்மாகிட்டச் சொல்லிடறேன். பாதுகாப்புக்காகப் பொதுவா மாத்திரலாம்மான்னு சொன்னா, செஞ்சிருவாங்க. ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டாங்க."

ரோசலின் காலி வாளியை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

"ஓட்டை அடைச்சாச்சுல்ல மேடம். இனிமே எவனும் வர முடியாது. இனிமே போய், நான்தான்னு சொல்லி என்ன ஆகப்போகுது? போலீசு கேசு ஆயிரும். காப்பகத்தையே இழுத்து மூடிருவாங்க. மத்த பொண்ணுங்களை நினைச்சுப் பாருங்க."

நல்ல நல்ல காரணங்கள். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மறுத்துப் பேச அங்கே ஆளே இல்லை. ரோசலின் வாய் திறக்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"கலாவதி மேல நான் ஒண்ணும் பழி போடலையே. அவதான்னு நான் ஒரு வார்த்தை சொல்லலை. நான் பாட்டுக்கு ஒண்ணும் சொல்லாம இருந்துட்டா..."

வெயிலில் தண்ணீர் காய்ந்துவிட்டது. தூசி மட்டும் கறுப்பாகப் படிந்து ஒரு கோடாக நின்றது. டேங்கில் தொடங்கி, தளத்தைக் கடந்து, ஓட்டை வரைக்கும்.

தங்கப்பாண்டி அந்தக் கோட்டைப் பார்த்தார். தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடம் வரைக்கும் பார்த்தார்.

பிறகு சட்டைப்பையில் கைவிட்டுத் தன் போனை எடுத்தார். சைலன்ட்டில் கிடந்த போன். மரகதம் அம்மா கூப்பிட்டிருந்தார். திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருந்தார்.

அவர் திருப்பிக் கூப்பிட்டார்.

"அம்மா. கலாவதி இல்லம்மா. என் பக்கம்தான். முழுக்க என் பக்கம். நான் எழுதியே குடுத்துடறேன். யார்கிட்ட வேணும்னாலும் வந்து சொல்றேன். அவ மேல ஒரு தப்பும் இல்லம்மா."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு பெண் யாரையோ கூப்பிடுவது கேட்டது.

"காலையிலேயே கேட்டேனே தம்பி" என்றார் மரகதம் அம்மா.

"ஆமாம்மா."

"எத்தனை தடவை கூப்பிட்டேன். நீங்க ஒண்ணும் சொல்லலையே."

"அம்மா, அவ எங்க?"

"அனுப்பியாச்சு தம்பி. பையை எடுத்துக்கிட்டு ரோட்டுல இறங்கிப் போனா. ஒரு வார்த்தை பேசலை."

"எங்க போகச் சொல்லி அனுப்புனீங்க?"

"எங்கேன்னு நாங்க ஒண்ணும் சொல்லலை, தம்பி."